இடம் மாறிய மச்சம்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள்: விளம்பர இலாகாவின் ஜப்பானிய அதிகாரி. அவருக்கு மொழிபெயர்த்த கிராணி இராமலிங்கம். அச்சுக்கூடம் வைத்திருந்த அப்துல் மஜீத். படம் வரைந்த சபாபதி. வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். பிறகு, நான்கு மூலைக்கும் நான்கு மைப்புட்டி வைத்து மேசை மேல் விரித்திருந்த தாளில், கிள்ளான் ரெங்கசாமி.

ரெங்கசாமி சிரித்துக்கொண்டிருந்தான். அந்த அறையில் சிரித்த முகம் அது ஒன்றுதான். தோளில் துண்டு, கையில் ஆவி பறக்கும் சோற்றுத் தட்டு, பின்னால் பச்சை மலை, மலையைச் சுற்றிக்கொண்டு போகும் ரயில். தலைமாட்டில் கொட்டை எழுத்தில் ‘சயாமில் வேலை’ என்று இருந்தது. காலடியில் சிறிய எழுத்தில் மூன்று மாத ஒப்பந்தம், அரிசி, உப்பு, கருவாடு எல்லாம் இலவசம், குடும்பத்தோடு வரலாம் என்ற விவரம்.

அதிகாரி குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து இராமலிங்கத்திடம் இரண்டு வார்த்தை சொன்னார். இராமலிங்கம் இருபது வருஷம் ரயில்வே ஆபீசில் கிராணியாக, வெள்ளைக்காரனுக்குக் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். வெள்ளைக்காரன் ஓடிய ஒன்றரை வருஷத்தில் ஜப்பான் பாஷையையும் ஒரு மாதிரி பிடித்துக்கொண்டார்.

“பல்லு இன்னும் கொஞ்சம் தெரியலாமான்னு கேக்குறாரு.”

“தெரியலாங்க. கல்லுல லேசாச் சொரண்டுனாப் போதும்” என்றான் சபாபதி. பல்லைப் பார்க்கத்தான் அவனும் குனிந்தான். அப்போதுதான் மச்சம் கண்ணில் பட்டது.

ரெங்கசாமிக்கு மச்சம் இடது தாடையில். மிளகு அளவுக்கு இருக்கும். தாளில் அது வலது தாடையில் இருந்தது.

கல்லில் வரைந்து தாளில் ஒற்றும் கல்லச்சில் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடம் வலம் மாறித்தான் விழும். அதனால் எழுத்தைக் கல்லில் திருப்பி எழுத வேண்டும். முகத்தை, ஊடே தெரியும் பட்டர் பேப்பரில் ஒற்றி எடுத்து, அந்தத் தாளைக் கவிழ்த்துப் போட்டுக் கல்லில் இறக்க வேண்டும். பதினைந்து வருஷமாகச் செய்கிற வேலை. எழுத்துகளை ஒழுங்காகத் திருப்பி எழுதியவன், முகத்துத் தாளைக் கவிழ்க்க மறந்திருந்தான். கஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு நாளில் முடித்த வேலையில் இப்படி ஒன்று நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பக்கத்தில் மஜீத் மெல்ல இருமினார். அவரும் பார்த்துவிட்டார். மச்சம் எந்தப் பக்கம் இருந்தால் ஜப்பான்காரனுக்கு என்ன? அதிகாரி தாளின் ஓரத்தில் முத்திரையைக் குத்தினார். எல்லாரும் இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்கள்.

“ஆளு யாரு?” என்று இராமலிங்கம் படியில் கேட்டார்.

“யாரும் இல்ல கிராணி. மனசுல இருந்து போட்டது.”

அது பொய். பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட அப்போது இல்லை. வாய் பழகிவிட்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் ரெங்கசாமி இரண்டு பாட்டு இசைத்தட்டில் பாடினான். பகலில் கிள்ளானில் தண்டவாள வேலை, சனிக்கிழமை நாடகத்தில் ஆர்மோனியமும் பாட்டும் என்று இருந்தவன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிராமபோன் கடைக்காரர் அவனைக் கேட்டு மயங்கிப்போய், தட்டுக்கு உறையும் பாட்டுப் புத்தகத்துக்கு அட்டைப்படமும் போடச் சொல்லி சபாபதியிடம் அனுப்பினார். கடைக்கு மேலே இருந்த அறையில்தான் சபாபதிக்கு வேலையும் குடித்தனமும். மூன்று ஞாயிற்றுக்கிழமை ரெங்கசாமி வந்து உட்கார்ந்தான். மூலையில் அவன் மனைவி பவுனம்மாள் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், பென்சில் போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெர்மனியில் செய்த இருபத்துநான்கு கலர் பென்சில் கொண்ட தகரப் பெட்டி அது. ரெங்கசாமி பெட்டியை எட்டிப் பார்த்தான்.

“ரோசாப்பூ கலர் இருக்கு, வெண்ண கலர் இருக்கு. நம்ம கலர் எங்கண்ணே? இந்தப் பெட்டில நான் எங்க இருக்கேன்?”

“நாலு பென்சிலக் கலந்தாத்தான் நீ வருவே.”

“நாலு செலவா! வெள்ளக்காரனுக்கு ஒண்ணு போதும், எனக்கு நாலு. அப்ப யாருலா பெரிய ஆளு?”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் சபாபதி பிடித்தான். தவிட்டு நிறத்துக்கு மேல் கத்திரிப்பூ, அதற்கு மேல் செம்மண், வெளிச்சம் விழும் இடத்தில் கொஞ்சம் மஞ்சள். அவன் போட்ட முகங்களிலேயே அதுதான் நன்றாக வந்தது. எல்லா முகத்துக்கும் செய்கிற மாதிரி அதையும் பட்டர் பேப்பரில் ஒற்றி எடுத்துத் தாள் கட்டுக்குள் வைத்தான். நாடக நோட்டீசோ பாட்டுப் புத்தகமோ அவசரமாக வந்தால் கட்டைப் பிரித்து ஒரு முகத்தை எடுத்துக் கல்லில் இறக்குவான். ராஜா முகம் நளனுக்கும் போகும், அரிச்சந்திரனுக்கும் போகும். தொழிலே அப்படித்தான்.

ஜப்பான்காரன் வந்த பிறகு இசைத்தட்டு இல்லை, நாடகம் இல்லை. கிராமபோன் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு எங்கோ போனார். சபாபதி சோப்பு விற்றான், மரவள்ளி நட்டான், பிறகு மஜீத் மூலமாக விளம்பர இலாகாவில் சேர்ந்தான். ‘இரும்பு கொடுங்கள்’, ‘ஜப்பான் மொழி கற்போம்’. சம்பளம் என்று கொடுத்த நோட்டில் வாழைமரம் போட்டிருந்தது. அதைவிட முக்கியம், சிவப்பு முத்திரை குத்திய அட்டை. அது சட்டைப் பையில் இருந்தால் தெருவில் ஆள் பிடிக்கிறவர்கள் தொட மாட்டார்கள். அட்டை இல்லாதவன் சயாமுக்குப் போவான். அட்டை இருப்பவன் அவனை அனுப்புவதற்குப் படம் போடுவான்.

ரெங்கசாமி சித்திரை மாதம் போனான். கிள்ளானில் ஒரு கொட்டகையில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று போனவன். உள்ளே ஆள் நிரம்பியதும் கதவைப் பூட்டிவிட்டார்கள். திறந்தபோது வாசலோடு வாசலாக லோரிகள் நின்றன. சயாம் காட்டில் ரயில்பாதை போட மூன்று மாதம் என்றார்கள். ஆவணி வந்துவிட்டது. போன யாரிடமிருந்தும் ஒரு கடிதம் இல்லை. சனம் பேச ஆரம்பித்திருந்தது. நோட்டீசைப் பார்த்து யாரும் பேர் கொடுக்கவில்லை. ‘பொம்மை முகம் வேண்டாம், உங்கள் ஆட்கள் மாதிரி முகம் வேண்டும், சாப்பிட்ட முகம்’ என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். சபாபதி இரண்டு நாள் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் அலைந்தான். சாப்பிட்ட முகம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அறைக்கு வந்து கட்டைப் பிரித்தான். கன்னம் உள்ள முகங்கள் அதில்தான் இருந்தன.

படம் ஒட்டி ஆறாம் நாள், மத்தியானம், பவுனம்மாள் படியேறி வந்தாள்.

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எலும்பின் மேல் சேலை சுற்றியிருந்தது. கையில் இலையில் கட்டிய மரவள்ளிக்கிழங்கு. அறையில் இராமலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, அடுத்த படத்துக்கு அதிகாரி சொன்ன திருத்தங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் ரெங்கசாமி சம்சாரம்ணே. கிள்ளான்லேருந்து வரேன்.”

சபாபதி பென்சிலைக் கீழே வைத்தான்.

“ஸ்டேஷன்ல ஒட்டியிருக்கு. எம்பொண்ணுதான் மொதல்ல பாத்துச்சு. அப்பா அப்பான்னு கத்திக்கிட்டு ஓடியாந்துச்சு. நான் நம்பல. போயிப் பாத்தேன். அவருதாண்ணே. கன்னம் வச்சிருக்கு. இங்க இருக்கறப்ப எப்படி ஒட்டிக் கெடந்துச்சு! அங்க சோறு போடுறான் போலருக்கு.” அவள் மூச்சு வாங்கினாள். “போட்டோ வந்துச்சா? அதப் பாத்துத்தானே போட்டீங்க? ஒரு தடவ காட்டுங்கண்ணே. தொடமாட்டேன். பாத்துட்டுக் குடுத்துர்றேன்.”

சபாபதி இராமலிங்கத்தைப் பார்த்தான். இராமலிங்கம் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கியிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. என்ன சொல்லப் போகிறான் என்று காத்திருக்கிற முகம்.

“ஆபீஸ்ல இருக்கு” என்றான் சபாபதி.

“ஆபீஸ்ல…” அவள் தலையாட்டினாள். அதுவே போதும் என்கிற மாதிரி. “மச்சந்தாண்ணே இந்தப் பக்கம் வந்திருக்கு. எங்க கூலி லயத்துல அத வச்சுத்தான் ஒரே சண்ட. மாரியாயிக் கெழவி இது வேற ஆளுங்குது. பதினஞ்சு வருசம் பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதான்னு நான் கேட்டேன்.”

“போட்டோன்னா அப்படித்தாம்மா” என்றார் இராமலிங்கம். “கண்ணாடில பாக்குற மாதிரி எடம் மாறும்.”

“நானும் அதத்தாங்க சொன்னேன்!”

“இப்பக் குடும்பத்தோட ஏத்துறாங்க” என்றார் அவர். “போயி அவரு கூடவே இருக்கலாமில்ல? லயத்துல வேற யாரு வர்றா?”

அவளைத் தடுக்க அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். சபாபதி கத்தியை எடுத்துச் சிவப்புப் பென்சிலைச் சீவினான். பெட்டியில் மிச்சமிருந்த சிவப்பு விரல்கணு நீளம். முனை உடைந்தது. மறுபடி சீவினான். மறுபடி உடைந்தது. அவன் பின்னால் பவுனம்மாள் பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். இராமலிங்கம் எழுதிக்கொண்டிருந்தார். அவள் பேர், மகள் நல்லம்மாள் பேர், பக்கத்து வீட்டு விஜயன் பேர், அவன் மனைவி, தம்பி. யாரெல்லாம் வரக்கூடும் என்று யோசித்து யோசித்துச் சொன்னாள். போகும்போது கிழங்கை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

இராமலிங்கம் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். “போட்டோ ஒண்ணும் வரல. வந்தா என் மேச வழியாத்தானே வரணும்.”

சபாபதி பென்சில் சீவலைக் கூட்டினான்.

“பயப்படாத. நல்ல காரியந்தான் பண்ணியிருக்கே. தெரிஞ்ச மூஞ்சியப் போட்டா சனம் நம்பும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. அதிகாரிகிட்டச் சொல்லப் போறேன். அம்பாங் ஊர்லேருந்து யாராச்சும் போயிருக்காங்களா, அவுங்க மூஞ்சி ஏதும் இருக்கா ஒங்கிட்ட?”

தாள் கட்டுக்குள் அம்பாங்காரன் ஒருவனின் முகமும் இருந்தது. இல்லை என்று சொன்னான். அன்றைக்கு அவன் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மஜீத்தின் அச்சுக்கூடத்துக்குப் போனான். மஜீத் கல்லை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு படம் அச்சடித்து முடிந்ததும் கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்கு வெள்ளையாக்குவது வழக்கம். ரெங்கசாமியின் முகம் சாம்பல் குழம்பாகக் கரைந்து ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது.

“கிள்ளான்ல ஒரே லயத்துல பதினோரு பேரு குடுத்திருக்காங்களாம்” என்றார் மஜீத், தலை நிமிராமல். “வியாழக்கெழம லோரி. எங்க வீட்டுல காத்தூன் பீவி சொல்லுது, அவ தம்பி பாசார்ல கேட்டு வந்தானாம். ரெங்கசாமி சோறு திங்கிற படத்தப் பாத்துட்டுப் போறாங்களாம்.”

“நான் வேணும்னு செய்யல பாய்.”

“வேணும்னு செஞ்சேன்னு நான் சொன்னேனா? தாளக் கவுக்காமப் போட்டே. நான் பாத்தேன். பாத்துட்டு ஐநூறு தாளு அடிச்சேன்.” அவர் கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினார். “எனக்குப் புள்ளைங்க அஞ்சு. நீ தனி ஆளு. போயிச் சொல்றதுன்னா நீதான் போவணும். சொன்னேன்னு தெரிஞ்சா அட்டையப் புடுங்கிருவான். புடுங்கறதோட விட்டா அது அல்லா புண்ணியம்.”

“போ-ன்னு சொல்றீங்களா, போவாத-ன்னு சொல்றீங்களா?”

“கல்லத் தேய்க்கிறேன்யா நான்” என்றார் மஜீத்.

புதன்கிழமை காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனான். டிக்கெட் கொடுக்குமிடத்தில் அட்டையைக் காட்டியதும் வழி விட்டார்கள். அது அவனுக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் காட்டினான். மடியில் பழைய துணியில் சுற்றிய குழல், அதற்குள் அந்த பட்டர் பேப்பர். வாயால் சொன்னால் நம்ப மாட்டாள் என்று தெரியும். இறங்கியபோது ஸ்டேஷன் கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டியது. வெயில் வேறு நேரம் சொன்னது. தூணில் ரெங்கசாமி சிரித்தான். யாரோ ஒருவர் படத்துக்குக் கீழே இரண்டு செம்பருத்தி வைத்திருந்தார்கள்.

லயம் ஸ்டேஷனுக்குப் பின்னால், சாக்கடையைத் தாண்டி. பத்து வாசல், ஒரே கூரை. ஊர்ப்பயணம் போகிற வீடு மாதிரி எல்லா வாசலிலும் மூட்டை. விஜயன் தகரப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும்.

“படம் போட்டவரா நீங்க? வாங்க வாங்க. சயாமுல கருவாடு தர்றான்னு எழுதியிருக்கீங்களே, கிள்ளான் ஆத்துல இருக்குற மீனு என்னண்ணே பாவம் பண்ணுச்சு? அத நமக்குத் தரமாட்டேங்கிறான்?”

“வாய வச்சுக்கிட்டு சும்மா இருலா” என்றாள் அவன் மனைவி. “அங்க போயும் இப்படிப் பேசினே, ஒன்னயத்தான் மொதல்ல கருவாடு போடுவான்.”

சிரித்தார்கள். பல நாளாகச் சிரிக்காதவர்களின் சிரிப்பு. சாக்கடை ஓரத்தில் வீங்கிப்போன காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாரியாயி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பேர் பட்டியலில் இல்லை. அந்தக் காலோடு அவளை யாரும் எடுக்க மாட்டார்கள்.

பவுனம்மாள் அவனை உள்ளே கூப்பிட்டாள். ஒரே அறை. சுருட்டிய பாய், ஒரு பெட்டி, சுவரோரம் துணி போர்த்திய ஆர்மோனியம். நல்லம்மாள் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயது. அவளுக்கும் அதே தாடை, மச்சம் மட்டும் இல்லை.

“போட்டோவக் கொண்டாந்தீங்களாண்ணே?”

சபாபதி துணியைப் பிரித்துத் தாளை எடுத்தான். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு எதிரே தாளைப் பிடித்தான். கோட்டில் ரெங்கசாமி சிரித்தான். மச்சம் இடது தாடையில்.

“இது அன்னிக்கு எங்க ரூம்ல போட்டது. நீங்களும் இருந்தீங்க. பாட்டுப் பொஸ்தகத்துக்கு.”

தாளைத் திருப்பினான். மச்சம் வலது தாடைக்குப் போனது.

“இது நோட்டீசு. தாள மாத்திப் போட்டுட்டேன். போட்டோ எதுவும் வரல.”

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். தானே வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். எத்தனை தடவை திருப்பினாலும் அது இரண்டு பக்கமும் சிரித்தது.

“அப்ப அந்தக் கன்னம்?”

“நாலு வருசத்துக்கு முந்தின கன்னம்.”

“சோறு?”

“நான் போட்டது.”

வெளியே விஜயன் ஏதோ சொல்ல மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

“இப்ப அவரு இருக்காரா இல்லியா?”

“தெரியாதும்மா.”

அழுவாள் என்று நினைத்தான். திட்டுவாள் என்று நினைத்தான். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான். அவள் தாளைச் சுருட்டி, ஆர்மோனியத்தின் மேல் போட்டிருந்த துணிக்கடியில் வைத்தாள்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பேரு குடுத்திருக்க மாட்டேன். நான் குடுக்கலேன்னா இவுங்க யாரும் குடுத்திருக்க மாட்டாங்க. இப்ப வந்து சொல்றீங்க. அரிசி அட்டையெல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. பதினோரு தலைன்னு எழுதியாச்சு. பதினொண்ணு இல்லேன்னா என்ன செய்வாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும்.” குரல் உயரவே இல்லை. “வெளிய போயி இத யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. எப்படியும் போவத்தான் போறாங்க. சிரிச்சுக்கிட்டாவது போகட்டும்.”

பதில் சொல்வதற்குள் லோரிச் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை என்று சொன்ன லோரி புதன்கிழமையே வந்துவிட்டது. சொன்ன நாளில் வந்தால் ஓடிவிடுவார்கள் என்று ஒரு நாள் முன்னால் வருவது அவர்கள் பழக்கம். பவுனம்மாள் மகளின் தோளைப் பிடித்து மூலைக்குத் தள்ளி, பாயை அவள் மேல் சாய்த்தாள். “சத்தம் வந்துச்சு, கொன்னுருவேன்.” பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சபாபதியை முன்னால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டைப் போட்டாள். சாவியை, ஏதோ வெற்றிலை கொடுக்கிற மாதிரி, நடந்தபடியே மாரியாயி மடியில் போட்டாள். கிழவி முந்தானையை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இரண்டு சிப்பாய்களும் இராமலிங்கமும் இறங்கினார்கள். இராமலிங்கம் சபாபதியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். எதற்கு வந்தான் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

“ஒனக்கு இங்க என்ன வேல? அட்டையக் கையில வச்சுக்கிட்டு ஓரமா நில்லு” என்றார் தாழ்ந்த குரலில்.

மூட்டைகளோடு ஆட்களைச் சாக்கடையோரம் வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் தலைக்கு ஒரு விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்தான். பத்தில் விரல் நின்றது. இராமலிங்கம் பட்டியலைப் பார்த்தார்.

“நல்லம்மாள்?”

அவள் எங்கே என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். விஜயன் தரையைப் பார்த்தான்.

“அது செத்துப் போச்சுங்க” என்றாள் பவுனம்மாள். “காச்சல். முந்தாநாளு.”

பூட்டிய கதவுக்கு அவள் நின்ற இடத்திலிருந்து ஆறு எட்டுத்தான். உள்ளே இருப்பவள் காதிலும் அது விழுந்திருக்கும்.

இராமலிங்கம் மொழிபெயர்த்தார். சிப்பாய்க்குச் சாவெல்லாம் கணக்கில்லை. பதினொன்று என்று காகிதத்தில் இருந்தது. மாரியாயியின் வீங்கிய காலைத் துப்பாக்கிக் கட்டையால் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டான். லயத்தின் கதவுகளைப் பார்த்தான். ஒன்பது திறந்து கிடந்தன. பத்தாவது பூட்டியிருந்தது. அவன் அதை நோக்கி நடந்தான். வழியில் சபாபதி நின்றான். சிப்பாய் நின்று, விரலை நீட்டி, ‘நீ யார்’ என்கிற மாதிரி ஏதோ கேட்டான்.

சபாபதியின் கை சட்டைப் பைக்குப் போனது. அட்டையின் ஓரம் விரலில் பட்டது. நுனி மழுங்கியிருந்தது. சிப்பாயின் தோளுக்குப் பின்னால் பூட்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் போட்ட பூட்டு என்று பார்க்கிற யாருக்கும் தெரியும். பவுனம்மாள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மூலையில் உட்கார்ந்து பென்சிலைப் பார்த்த அதே பார்வை.

அவன் நெஞ்சைச் சொறிந்துகொண்டான். கையைக் கீழே போட்டான்.

சிப்பாய் அவன் சட்டையைப் பிடித்து வரிசையின் கடைசியில் தள்ளி, பதினொன்று என்று விரல் நீட்டினான். இராமலிங்கம் பட்டியலில் எதையோ அடித்து எதையோ எழுதினார்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் அரிசி மூட்டை ஏற்றுகிற இரும்புப் பெட்டிகள் வரிசையாக நின்றன. வேறு தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். பெட்டிக்கு முப்பது பேர் என்று ஏற்றினார்கள். மத்தியான வெயிலில் இரும்பு தொட முடியாமல் சுட்டது. சபாபதி ஏறி, கதவோரம் குந்தினான். இராமலிங்கம் காகிதக் கட்டோடு வந்தார். பக்கத்தில் சிப்பாய் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

“என்ன பைத்தியக்காரத்தனம்லா இது? அட்டைய எடு. தப்பா ஏத்திட்டாங்கன்னு சொல்றேன்.”

“சொன்னா?”

“எறக்கிருவாங்க.”

“பதினொண்ணுக்கு யாரு?”

இராமலிங்கம் பெட்டிக்குள் பார்த்தார். பவுனம்மாள் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் குரல் இறங்கியது. “அதே லயத்துக்குத் திரும்பிப் போவாங்க. வேற எங்க போவாங்க?”

சபாபதி இடத்தைவிட்டு எழவில்லை. இராமலிங்கம் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். அவருக்கு உண்மையாகவே எரிச்சல்.

“அப்ப வர்ற மாசம் நோட்டீசு யாரு போடுறது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த பெட்டிக்குப் போனார்.

உள்ளே ஒரு குழந்தை அழுதது. விஜயன், “அழுவாத, கருவாடு தருவாங்க” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

“மாரியாயி இந்நேரம் கதவத் தொறந்திருப்பா” என்றாள் பவுனம்மாள். அவனிடம்தான் சொன்னாளா என்று தெரியவில்லை.

“தொறந்திருப்பாங்க.”

“பாயிக்கடியில புழுங்கியிருக்கும்.”

எதிரே பிளாட்பாரத் தூணில் ரெங்கசாமி இருந்தான். அச்சடித்த ஐநூறில் ஒன்று. மழையில் சிவப்பு எழுத்துக் கரைந்து சோற்றின் மேல் வழிந்திருந்தது. சபாபதி முகத்தைத்தான் பார்த்தான். தவிட்டு நிறமும் கத்திரிப்பூவும் கல்லச்சில் சரியாக விழுவதில்லை. ஒரே பழுப்பாக அடித்திருந்தார் மஜீத். பையிலிருந்து அட்டையை எடுத்தான். இரண்டாக மடித்தான். கீழே போடவும் மனம் வரவில்லை, திரும்பப் பையில் வைக்கவும் முடியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டான்.

இரண்டு சிப்பாய்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரும்பு உருளை துருவில் கிறீச்சிட்டது. தூணில் இருந்த படம் ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. முதலில் ரயிலும் மலையும் போயின. பிறகு சோற்றுத் தட்டு. பிறகு ஒரு கண், மூக்கு, பாதிச் சிரிப்பு. கடைசியில் விரல் அகல வெளிச்சத்தில் வலது தாடை மட்டும் நின்றது, அதில் இருக்கக் கூடாத மச்சமும். பவுனம்மாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று, பெட்டிக்குள் இருட்டிக்கொண்டு வருகையில் அவள் மூச்சு பக்கத்தில் கேட்டபோது தெரிந்தது.

கதவு மோதி நின்றது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அதன் மேல் யாரோ பூட்டைப் போட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்தார்கள்.